பூச்சியம் கிலோ, அரைப்பேர்

ஆனி, ஆடியில் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் பெய்கிற மழையைப் பற்றி ஹட்டன், தலவாக்கலை ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகும்போது தூறலாக இருக்கும். மலையேறி, தேயிலை வரிசையில் நம் நிரையைப் பிடிப்பதற்குள் பக்கத்து நிரையில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு நாள். அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் மேல் மலைக்குப் போன 23 பெண்கள் ஒரு கொழுந்துகூடக் கிள்ளாமல் திரும்பி வந்தார்கள். மேலே மண் சரிய ஆரம்பித்திருந்ததால் கங்காணியே எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதுதான் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், சம்பள நாளுக்கு முந்திய பேச்சு. பெரட்டுக்கு வந்து, மலைக்கும் போய், மழையால் இறங்கியவர்களுக்கு அரைப்பேர் போடுவது அந்தத் தோட்டத்தின் பழைய வழக்கம்.

அந்த மாதச் சம்பளத் துண்டில் அந்த 23 பேருக்கும் அந்த நாளே இல்லை. அரைப்பேர் இல்லை, அதுகூடப் பரவாயில்லை. வேலைக்கு வராத நாள் என்று பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை உண்டாக்கிய புரோகிராமை எழுதியது நான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிளாக்கர் ஐயா தராசைப் பார்த்து டேப்லெட்டில் கிலோவைப் போடுவார். அது செக்ரோலாக மாறும். நானே ஆசைப்பட்டு, சொந்தத் தோட்டத்துக்குச் செய்துகொடுக்கிறேன் என்ற பெருமையோடு எழுதினது.

அம்மாவோடு ஒரே நிரையில் இருபது வருடம் கொழுந்தெடுத்த அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் புள்ள, அன்னிக்கு நான் மலைக்குப் போகலயா? இடுப்புல கட்டின படங்கு நனஞ்சு ரெண்டு நாளாக் காயல. ஒம் மெசினு நான் வரவே இல்லேங்குது."

பிழை ஒரு வரியில்தான் இருந்தது. கிளாக்கர் ஐயா ஒழுங்காக அந்த 23 பேருக்கும் 0 என்று போட்டிருக்கிறார். வராதவர்களின் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். கையால் செக்ரோல் எழுதிய காலத்திலும் அவர் அப்படித்தான் செய்வார். என் புரோகிராமோ 'கிலோ இருந்தால் இந்த ஆளைப் பட்டியலில் சேர்' என்று சொன்னது. தமிழில் வாசித்தால் குற்றமே தெரியாத வரி. ஆனால் நான் எழுதிய நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் 'கிலோ இருந்தால்' என்று எழுத முடியாது. 'கிலோ உண்மையானால்' என்றுதான் எழுத முடியும். அந்த மொழியில் 0 என்பது பொய்.

நிபந்தனை வரும் இடத்தில் எந்த மதிப்பை வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை உண்மை, பொய் என்ற இரண்டில் ஒன்றாக்கிவிடும். பொய் என்ற பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கிறது: பொய் என்ற மதிப்பு தானே, பூச்சியம், எதிர்ப் பூச்சியம், பெரிய எண் வகையின் பூச்சியம், ஒரு எழுத்தும் இல்லாத வெற்றுச் சரம் (சரம் என்றால் எழுத்துகளின் தொடர்), மதிப்பு இல்லை என்று காட்டும் நல் (null), மதிப்பே வைக்கப்படாத அன்டிஃபைன்ட் (undefined), 'எண் அல்ல' என்று பொருள்படும் NaN. உலாவிகளில் பழைய காலத்து மிச்சமாக இன்னும் ஒன்று உண்டு, அதை விடுவோம். மற்ற எல்லாமே உண்மை. உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பட்டியலும் உண்மைதான். ஆனால் அதே வெறும் பட்டியலை, இரட்டைச் சமக்குறி போட்டு, பொய்யோடு ஒப்பிட்டால் 'ஆம், இரண்டும் சமம்' என்கிறது. ஒப்பிடும்போது பட்டியலை முதலில் சரமாக்கி, அந்தச் சரத்தை எண்ணாக்கிப் பார்ப்பதால் அப்படி ஆகிறது. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு இது பழகவில்லை.

சரி, வரியைத் திருத்தினேன். நல் அல்லது அன்டிஃபைன்ட் என்றால் மட்டும் விட்டுவிடு, 0 என்றால் சேர். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாள் மத்தியானம் கிளாக்கர் ஐயா கூப்பிட்டார். "மகள், இப்ப வேலைக்கு வராத ஆளுக்கும் அரைப்பேர் விழுகுதே?"

இரண்டாவது பிழை முதல் பிழைக்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தது. திரையில் நிரப்புகிற கட்டத்திலிருந்து வருவது எண் அல்ல, சரம். அதை எண்ணாக மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் 0 வரும். நல் என்பதை மாற்றினாலும் 0 வரும். அன்டிஃபைன்ட் மட்டும் எண்ணாக மாட்டேன் என்று நிற்கும். ஆக, வராதவரின் வெறுங்கட்டம் முதல் படியிலேயே பூச்சியமாகிவிட்டது. கிளாக்கர் ஐயா கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு விஷயத்தை என் புரோகிராம் முதல் அடியில் ஒன்றாகக் கலந்து, இரண்டாம் அடியில் இரண்டையும் சேர்த்துப் பொய் என்று தள்ளியது. பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பென்சில் பிரித்துக் காட்டிய விஷயம் அது. வந்து ஒன்றும் எடுக்காதவருக்கு ஒரு வட்டம், வராதவருக்கு வெறுமை.

அதிலிருந்துதான் இதைத் தோண்டத் தொடங்கினேன். ஏன் இப்படி வைத்தார்கள்? யார் வைத்தது?

உண்மையை 1 என்றும் பொய்யை 0 என்றும் எழுதிக் கணக்குப் போடலாம் என்பது ஜோர்ஜ் பூல் காட்டிய வழி. அயர்லாந்தின் கோர்க் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1854இல் வந்த அவருடைய நூலில் அது விரிவாக இருக்கிறது. ஆனால் அவரிடம் இருந்தது 0, 1 இரண்டுதான். 18 கிலோ உண்மையா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்தக் கேள்வியை நம் தலையில் கட்டியது சி மொழி. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சி அதை உருவாக்கியபோது உண்மை, பொய் என்று தனி வகையே வைக்கவில்லை. 0 என்றால் பொய், வேறு எதுவானாலும் உண்மை. அதில் ஒரு நியாயம் இருந்தது. புரசசருக்குள் கடைசியாகச் செய்த கணக்கின் விடை பூச்சியமா இல்லையா என்று காட்ட ஒரு கொடி உண்டு. அந்தக் கொடியைப் பார்த்துத் தாவு, தாவாதே என்று கட்டளையிடுவது மெஷினுக்கு மிக மலிவான வேலை. நினைவகம் இறுக்கமாக இருந்த காலத்தில் அது நல்ல முடிவுதான். சி மொழிக்கு உண்மை, பொய்க்கென்று ஒரு வகை கிடைக்க 1999ஆம் வருடத் தரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் குறை சொல்வது ரிச்சியை அல்ல. மெஷின் கொடிக்காக எடுத்த முடிவு, மெஷினே கண்ணுக்குத் தெரியாத மொழிகளுக்கும் சொத்துப் போல இறங்கி வந்ததுதான் எனக்குப் பிரச்சினை. அப்படி இறங்கும்போது ஒவ்வொரு மொழியும் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பேர்ள் என்ற மொழியில் "0" என்ற சரம் பொய், "0.0" என்ற சரம் உண்மை, "00" உண்மை. பீஎச்பியிலும் "0" பொய்தான். 'வெறுமையா?' என்று கேட்க அங்கே ஒரு கட்டளை இருக்கிறது. "0" என்று ஒருவர் தட்டிக் கொடுத்திருந்தாலும் 'ஆம், வெறுமை' என்று அது சொல்லும். ஒரு மனுஷி பதில் சொல்லியிருக்கிறாள், மெஷின் அவள் வாயே திறக்கவில்லை என்கிறது. கிளாக்கர் ஐயாவின் வட்டம் அங்கேயும் பிழைத்திருக்காது.

ஷெல், அதாவது கட்டளைகளைத் தட்டி ஓட்டுகிற இடம், இதற்கு நேர் எதிர். லினக்ஸில் ஒரு கட்டளை ஓடி முடிந்து 0 கொடுத்தால் சரியாக முடிந்தது என்று அர்த்தம். வேறு எந்த எண் வந்தாலும் பிழை. முதலில் இது தலைகீழாகப் பட்டது. யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சரியாக முடிவது ஒரே விதம். பிழை பல விதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வேண்டும். ஒரே கணினியில், ஒரே திரையில், சி புரோகிராமுக்குள் 0 பொய், அது முடிந்து வெளியே வந்ததும் 0 வெற்றி. எண்ணுக்கென்று சொந்தமாக உண்மையும் கிடையாது, பொய்யும் கிடையாது. நாம் எங்கே நின்று கேட்கிறோம் என்பதுதான்.

பைதன் என் சோற்று மொழி. கொழும்பில் வேலை பார்த்த நாலு வருடமும் அதில்தான் எழுதினேன். 0, வெற்றுச் சரம், வெறும் பட்டியல், வெறும் அகராதி, 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பான நன் (None) எல்லாம் அங்கே பொய். ஒரு பொருளுக்குள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும், ஒன்றுமில்லை என்றால் பொய். கூடையில் கொழுந்து இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. இதில் ஒரு அழகு இருப்பதை மறுக்கமாட்டேன். பட்டியல் விஷயத்தில் எனக்கு அது இதுவரை கெடுதல் செய்யவில்லை.

ஆனால் பைதனில் ஒரு காலம் வரை நள்ளிரவு பொய்யாக இருந்தது. இதை முதலில் கேள்விப்பட்டபோது நம்பவில்லை, பழைய ஆவணத்தைத் தேடி வாசித்தேன். நேரம் என்ற வகையில் 00:00 என்ற மதிப்பை நிபந்தனையில் வைத்தால் பொய் என்று வரும். 00:01 உண்மை. 'நேரம் கொடுத்திருந்தால்' என்று நினைத்து எழுதின வரி, சரியாக நள்ளிரவில் மட்டும் 'நேரம் கொடுக்கவில்லை' என்று சொல்லும். 23:59 வரை சோதித்துப் பார்த்தவருக்குப் பிடிபடவே படாத பிழை. 2015இல் வந்த 3.5 பதிப்பில்தான் இதை எடுத்தார்கள்.

எனக்கு இன்னும் உறைத்தது அதற்குள் இருந்த விதி. நேரத்தை நிமிடமாக்கி, அதிலிருந்து அந்த இடத்தின் நேர வித்தியாசத்தைக் கழித்து, மிச்சம் பூச்சியமா என்று பார்த்தார்கள். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. நம்முடைய நேர வித்தியாசத்தோடு ஒரு நேரத்தை எழுதினால் நள்ளிரவு உண்மையாகவே இருக்கும். பொய்யாவது காலை 05:30.

எங்கள் லயத்தில் ஐந்தரை என்பது எப்படிப்பட்ட நேரம் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இஸ்தோப்பில் விளக்கு எரியும். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார். அடுப்புப் புகையோடு சம்பல் அரைக்கிற சத்தம் வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும் வரும். பிள்ளைக்காம்பராவில் விடப் போகிற குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார்கள். ஒரு தோட்டமே எழுந்து நிற்கிற நேரம் அது. கணக்கில் கழித்துப் பார்த்தால் பூச்சியம். எந்த நாட்டின் நள்ளிரவிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நம்முடைய விடியல் இல்லாமல் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று ஒரு கணம் யோசிக்காமல் எடுத்துக்கொண்டதுதான்.

யோசித்து எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ரூபி என்ற மொழியில் 'ஒன்றுமில்லை' என்ற நில் (nil), பொய் என்ற இரண்டுதான் பொய். 0 உண்மை, வெற்றுச் சரம் உண்மை, எல்லாமே உண்மை. லுவாவிலும் அப்படியே. சியிலிருந்து ரூபிக்குப் போகிறவர்கள் முதல் நாள் 0 உண்மையென்று கண்டு தடுமாறுவார்கள். எனக்கு அது முதல் நாளே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. என் முதல் வரியை ரூபியில் எழுதியிருந்தால், 'கிலோ இருந்தால்' என்பது உண்மையாகவே 'கிலோ இருந்தால்' என்று ஓடியிருக்கும். அந்த 23 பேரும் விடுபட்டிருக்க மாட்டார்கள். பூச்சியமும் ஒரு பதில் என்று அந்த மொழி எடுத்துக்கொள்கிறது.

தமிழ் இந்த வித்தியாசத்தை எவ்வளவு இயல்பாக வைத்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். 'கூடையில் கொழுந்து இல்லை' என்பது ஒன்று. 'இது கொழுந்து அல்ல' என்பது வேறொன்று. முதலாவது இருப்பை மறுக்கிறது, இரண்டாவது தன்மையை மறுக்கிறது. பேச்சில் நாங்கள் இரண்டுக்கும் 'இல்ல' என்றே சொல்லிவிடுவோம், ஆனால் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அல்ல' என்று மாறும். இதற்கு மேலே 'தெரியாது' என்று ஒன்றும், 'வேண்டாம்' என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. நிரல்மொழியில் இந்த நாலையும் ஒரே பொய்க்குள் போட்டு அமுக்குகிறோம். இடைவேளையில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் 'வேண்டாம்' என்கிறவரும் கேள்வி காதில் விழாதவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

பூச்சியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய தமிழ் எண்முறையில் பூச்சியத்துக்குக் குறியீடு தேவைப்படவில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து இருந்ததால் 205 என்பதை ௨௱௫ என்று எழுதிவிடலாம். நடுவில் வெற்றிடம் காட்ட வேண்டியதில்லை. யூனிகோடில் தமிழ்ப் பூச்சியம் ௦ சேர்ந்தது 2005இல், 4.1 பதிப்பில். இதைப் பைதனில் போட்டுப் பார்த்தேன். ௦ என்ற சரம் உண்மை. அதையே எண்ணாக மாற்றச் சொன்னால் தடையில்லாமல் 0 என்று வாசிக்கிறது, உடனே பொய்யாகிறது. ஒரே குறி, இரண்டு முகம்.

இனி தரவுத்தளம். இதைச் சொல்லும்போது என்னால் வெறும் தொழில்நுட்பமாகப் பேச முடிவதில்லை.

எட்கர் கொட் 1970இல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் வழியில் வந்தது எஸ்கியூஎல், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழி. அதில் உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவதும் உண்டு. ஒரு கட்டத்தில் மதிப்பே இல்லை என்றால் அது நல். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை தெரியாது. நல்லையும் நல்லையும் ஒப்பிட்டாலும் தெரியாது. இதுவரை நல்லது, நேர்மையானது. சிக்கல் அடுத்த படியில். 'இந்த நிபந்தனைக்குப் பொருந்துகிற வரிகளைக் கொடு' என்றால் உண்மை என்று வந்தவற்றை மட்டும்தான் கொடுக்கும். தெரியாது என்று வந்தவை பொய்யோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும்.

கிலோ 18க்குக் குறைந்தவர் யார் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். 18 அல்லது அதற்கு மேல் யார் என்று கேட்டால் இன்னொரு பட்டியல் வரும். எல்லோரும் இரண்டில் ஒன்றில் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், மொத்த ஆள் கணக்கு வராது. கிலோ பதியாத ஆள் இரண்டிலும் இல்லை. பிழைச் செய்தியும் வராது. சத்தமில்லாமல் ஆள் குறையும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்கள் மக்களின் பிரஜாவுரிமை பற்றிக் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் எண்களை மலையகத்தில் நிறையப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. கூட்டிப் பாருங்கள். 8,25,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதி என்று 75,000, 75,000 ஆகப் பிரித்தார்கள்.

அந்த இரண்டு பட்டியலின் கூட்டல் முதல் தடவை என் திரையில் குறைந்தபோது எனக்கு இந்த எண்கள்தான் வந்தன. வேண்டுமென்று நினைக்கவில்லை. சின்ன வயதில் தாத்தா மடியில் கேட்ட கணக்கு அது, தானாக வந்துவிட்டது.

தாத்தா இந்த மலையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததாகத்தான் குடும்பத்தில் பேச்சு. 1948ஆம் வருடப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன்பு இங்கே பிறந்த ஒருவர் வழிவழிப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. எதை வைத்துக் காட்டுவது? லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எத்தனை பேர் அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரம் எடுத்தார்கள்? தாத்தாவிடம் கடுதாசி இல்லை. 'இங்கே பிறக்கவில்லை' என்று யாரும் நிரூபிக்கவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தது, வெறுமையைப் 'பிரஜை அல்ல' என்று வாசித்தார்கள். இல்லை என்பது அல்ல என்று ஆனது. லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான் ஆனது. எங்களவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் வருடத்து 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரைக்கும் 'நாடற்றவர்' என்ற சொல் எங்கள் வீடுகளில் புழங்கியது. அந்தச் சட்டம் வந்தபோது தாத்தா உயிரோடு இல்லை.

ஒரு சட்டமும் ஒரு வரி நிரலும் ஒன்று என்று சொல்லவில்லை. சட்டத்தை எழுதியவர்களுக்கு என்ன விளைவு வரும் என்று தெரியும், எனக்கு என் வரியில் தெரியாது. ஆனால் அதன் அடியில் இருக்கிற அசைவு எனக்குப் பழக்கமானது. தெரியாததைப் பொய்யாக்குவது. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

கட்டமைப்புக் கோப்புகள் எழுதப் பயன்படும் யாமல் என்ற வடிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சொற்களையும் 1.1 பதிப்பு உண்மை, பொய்யாக எடுத்துக்கொள்ளும். நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பட்டியலாக எழுதினால் நோர்வேயின் குறியீடான NO அங்கே 'இல்லை' என்ற சொல்லாகிவிடும், பட்டியலில் அந்த இடத்தில் பொய் என்று உட்காரும். ஒரு நாடே காணாமல் போகும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதை ஒதுக்கியது, ஆனால் பழைய விதியில் ஓடுகிற கருவிகளை இன்றும் பார்க்கிறேன்.

இப்போது நான் எப்படி எழுதுகிறேன் என்றால், நிபந்தனையில் எண்ணையோ சரத்தையோ நேரத்தையோ அப்படியே வைப்பதில்லை. கேள்வியை முழுசாகக் கேட்கிறேன். பதில் வந்ததா? வந்த பதில் பூச்சியத்தை விடப் பெரிதா? இரண்டும் இரண்டு வரி. பைதனில் 'நன் அல்ல' என்று வெளிப்படையாக எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2020ஆம் வருடத் தரத்தோடு இரட்டைக் கேள்விக்குறி (??) வந்தது. இடது பக்கம் நல் அல்லது அன்டிஃபைன்ட் என்றால் மட்டும் மாற்று மதிப்பை எடுக்கும், 0 இருந்தால் 0ஐ அப்படியே விடும். முன்பு அந்த இடத்தில் இரட்டைக் கோடு (||) போட்டு 0ஐத் தின்னக் கொடுத்தோம். ஜாவா, கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் போன்றவை இந்தப் பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. நிபந்தனையில் உண்மை, பொய் வகைதான் வர வேண்டும், எண்ணை வைத்தால் ஓடுவதற்கு முன்பே, தொகுக்கும்போதே நிறுத்திவிடும். இரண்டு எழுத்து கூடுதலாகத் தட்ட வேண்டும் என்று சலித்துக்கொள்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இதில் நான் ஒத்துப்போக முடியாது. தட்டுகிறவர் மிச்சம் பிடிக்கிற இரண்டு எழுத்தின் விலையை அந்தப் பட்டியலில் இருக்கிறவர்தான் கொடுக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது பைதனின் பாண்டாஸ் நூலகம் செய்வது. ஒரு முழு அட்டவணையை நிபந்தனையில் வைத்தால் உண்மை என்றும் சொல்லாது, பொய் என்றும் சொல்லாது. இதன் உண்மை தெளிவில்லை, வெறுமையா என்று கேட்கிறாயா, எல்லாம் உண்மையா என்று கேட்கிறாயா, ஏதாவது ஒன்று உண்மையா என்று கேட்கிறாயா என்று திருப்பிக் கேட்டுவிட்டு நின்றுவிடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பிழைச் செய்தி எரிச்சலாக இருக்கும். எனக்கு அது ஒரு நல்ல கிளாக்கரின் குணம்.

அந்த 23 பேருக்கும் அடுத்த மாதம் நிலுவையாக அரைப்பேர் போட்டார்கள். நானே மடுவத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும் புதிய பதிவைக் காட்டினேன். படங்கு காயாத அந்த அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வரியை விரலால் தடவிப் பார்த்தார். திகதி, பேர், நம்பர், 0 கிலோ, அரைப்பேர். "இதப் போட இம்புட்டு நாளா?" என்றார். ஆமாக்கா என்றேன். வேறென்ன சொல்வது.

இப்போது அதே தோட்டத்தின் பழைய ஆள் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பிறந்த திகதிக் கட்டத்தில் 37 பேருக்கு ஒன்றுமில்லை. 'ஏதாவது ஒரு திகதியைப் போட்டுவிடுங்களேன், சிஸ்டம் ஏற்காதே' என்று ஆபிஸில் சொன்னார்கள். ஏற்கும்படி மாற்றிவிட்டேன். பதியப்படவில்லை என்று மட்டும் காட்டும். அந்த 37 பேரில் 29 பேர் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். கிளாக்கர் ஐயா வீட்டு நம்பரோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் மேல் லயத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.